கூட்டுச் சேரலாமா?

கேள்வி: மட்டக்களப்பு வாவி இறாலும் நண்டும் வாங்கி விற்கிறோம். கொழும்பு ஏற்றுமதிக் கம்பனி ஒன்று பங்காளராகச் சேரக் கூப்பிடுகிறது. சேரலாமா?
- வாசகர், ஆரையம்பதி

பதில்: உடனே கையொப்பம் வைக்க வேண்டாம், தம்பி. முதலில் ஒரு பருவம் அவர்களுக்குச் சரக்குக் கொடுத்துப் பாருங்கள். பேசிய விலை பேசிய திகதியில் வருகிறதா, எவ்வளவு நண்டைக் கழிவென்று திருப்புகிறார்கள் என்று கவனியுங்கள். விருந்துப் பேச்சைவிட நிலுவைக் கணக்குத்தான் உண்மை பேசும்.

திருப்தியென்றால் எழுத்தில் சேருங்கள். முதலீடு 1000 ரூபாவைத் தாண்டினாலே கூட்டு உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்று அந்தக் காசுக்கு ஒரு கிலோ நல்ல நண்டுகூட வராது. ஆகவே உங்களுக்கு விலக்கில்லை!

வெறும் கூட்டு வியாபாரத்தில் பங்காளர் வியாபாரத்துக்காக வாங்கும் கடனுக்கு உங்கள் வீடு வளவும் பொறுப்பு. 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி வரையறுத்த கம்பனியாக இணைந்தால், நீங்கள் தனிப் பிணை நிற்காதவரை, நட்டம் போட்ட பங்கோடு நின்றுவிடும்.

வெள்ளம் ஊருக்குள் ஏறுமுன் முகத்துவாரத்தை வெட்டிவிடுவதுபோல, பிரியும் வழியையும் சேரும் நாளிலேயே எழுதி வையுங்கள். அதை எழுத மறுப்பவரோடு சேராதீர்கள்.