ரயிலா, சித்தியா?

கேள்வி: ராதிகா ஜெயித்தது சினிமாவிலா, சின்னத்திரையிலா?
– ஒரு வாசகி, ஸ்பிரிங்வெளி, பதுளை

பதில்: 1978-இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ ஏறியவர். ரயில் பாதை உங்கள் பதுளையோடு முடிந்துவிடும், அவர் பயணம் முடியவில்லை. எம்.ஆர்.ராதாவின் மகள், தாய் கீதா இலங்கைக்காரர். ஆகவே, நீங்கள் பாதி உரிமை கொண்டாடலாம். சினிமா பார்க்க டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். 1999-இல் அவரே தயாரித்து நடித்த டிவி தொடர் ‘சித்தி’யோ வீடு தேடி வந்தாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்களை, ரொட்டிக்கு மா பிசைந்த கையோடு டிவி முன் உட்கார வைத்தது சாதாரண வேலையா? என் ஓட்டு சின்னத்திரைக்கே. 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் ஓட்டுத்தான் கிடைக்கவில்லை. அங்கே அவருக்கு மூன்றாமிடம்.