எத்தனை விக்கெட்?

கோவை உக்கடத்துக்கு மேம்பாலம் வந்துவிட்டது. செலவு 400 கோடிக்கு மேல். 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். பெரியகுளத்துக் கரையில் செல்ஃபி எடுக்க இடம் இருக்கிறது, கலர் விளக்கு இருக்கிறது. குளத்துக்குள் சாக்கடையும் இருக்கிறது. இது ஸ்மார்ட் சிட்டி என்று கொசுவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் சந்துக்குள் புகை மெஷின் வருகிறது. ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறார். பிள்ளைகள் புகைக்குள் குதித்துக் கும்மாளம் போடுகின்றன. பின்னால் ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே வருகிறார். "கொசு சாகுதோ இல்லீங்களோ, போட்டோ மட்டும் கரெக்டா போயிருதுங்க" என்றார் டீக்கடைக்காரர். ஒரு துறையின் ஆண்டறிக்கையே அந்த வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சாக்கடைக் கொசு தருவது யானைக்கால். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது பெரும்பாலும் நெல் வயல் கொசு. பன்றியிலும் கொக்கிலும் இருக்கும் வைரஸை அதுதான் பிள்ளைகளுக்குக் கொண்டுவருகிறது. இந்தியாவில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது நம் வேலூரில், 1955இல். 70 வருஷம் ஆகிவிட்டது. கொசு எது என்று தெரியும். தடுப்பூசியும் உண்டு. இத்தனையும் தெரிந்த நாட்டில் என்ன நடந்தது?

2017 ஆகஸ்ட். உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பிஆர்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மூளைக்காய்ச்சல் பிள்ளைகள் வந்து குவியும் இடம். ஆக்ஸிஜன் கம்பெனிக்கு 60 லட்சத்துக்கு மேல் பாக்கி. கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. பணம் போகவில்லை. ஆக்ஸிஜன் நின்றது. சில நாட்களில் 60க்கு மேற்பட்ட குழந்தைகள் செத்தன. பாதிக்கு மேல் பச்சிளம் சிசுக்கள். ஆக்ஸிஜன் இல்லாமல் சாகவில்லை என்றது அரசு. ஆகஸ்டில் குழந்தைகள் சாவது வழக்கம்தான் என்று கணக்கு வாசித்தார் மாநிலச் சுகாதார அமைச்சர். நல்லவேளை, காலண்டர் மேல் வழக்குப் போடவில்லை. அதே மருத்துவமனையின் குழந்தைகள் டாக்டர் கஃபீல் கான் மேல் போட்டார்கள். சுமார் 8 மாதம் சிறை.

2019 ஜூன். பீகாரின் முசாபர்பூர். மூளைக்காய்ச்சல் அறிகுறிகளோடு எண்பதுக்கு மேல் பிள்ளைகள் செத்துவிட்டன. மத்திய அமைச்சர் ஹர்ஷ் வர்தன் வந்து ஆய்வு நடத்துகிறார். அன்று இந்தியா–பாகிஸ்தான் உலகக் கோப்பை ஆட்டம். பக்கத்திலிருந்த மாநிலச் சுகாதார அமைச்சர் மங்கள் பாண்டே கேட்டார்: எத்தனை விக்கெட் விழுந்தது? பதில் உடனே வந்தது. நாலு. அந்த அறையில் சரியாகத் தெரிந்திருந்த ஒரே எண் அதுதான். 2014இலும் இதே ஹர்ஷ் வர்தன் இதே ஊருக்கு வந்து குழந்தைகளுக்கு 100 படுக்கை வார்டு என்றார். 2019இலும் 100 படுக்கை என்றார். ஐந்து வருஷத்தில் ஒரு படுக்கைகூட மறக்கவில்லை, அந்த மட்டில் நாணயஸ்தர்.

முசாபர்பூர்ச் சாவுகளின் பழியை லிச்சிப் பழத்தின் தலையில் கட்டினார்கள். வேலூர் சிஎம்சியில் இருந்த வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்: ராத்திரி சாப்பிடாமல் படுக்கிற நோஞ்சான் பிள்ளைக்குத்தான் லிச்சி எமன். விடியற்காலையில் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி, வலிப்பு வந்து, மூளை நின்றுவிடுகிறது. உடனே குளுக்கோஸ் ஏற்றினால் பல பிள்ளைகள் பிழைக்கும். ராத்திரி ஒரு வாய்ச் சோறு இருந்தால் அதற்கும் வேலையில்லை. அதே லிச்சியை வயிறார உண்ட வீட்டுப் பிள்ளைகளும் தின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொன்றது பழமா, பட்டினியா?

"அதெல்லாம் வடக்கேங்க, நம்மூர்ல அப்படியில்ல" என்போம். பள்ளிக்கூடத்தில் சோறு போடும் ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் சாக்கடையை விட்டுவிட்டுக் கரைக்குக் கலர் விளக்குப் போடும் புத்திக்கு வடக்கு தெற்கு ஏது?

ஒரு வேண்டுகோள். புகை மெஷின்காரரிடம் சத்தம் போடாதீர்கள். அவர் தினக்கூலி. ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்தி, குளத்தில் சாக்கடை கலப்பது எந்தத் தேதியோடு நிற்கும் என்று கேளுங்கள். தேதியை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.