விசுவாசமான எதிர்க்கட்சி

1982-ல் கனடா தன் அரசியல் சட்டத்தை லண்டன் பிடியிலிருந்து மீட்டது. கியூபெக் மாகாணம் ஒப்புதல் தரவில்லை. அதைச் சரிக்கட்டத்தான் 1987-ல் பிரதமர் மல்ரோனி பத்து மாகாண முதல்வர்களையும் மீச் ஏரிக்கரையில் உட்காரவைத்து ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் வாங்கினார். சட்டமன்றங்கள் ஒப்புக்கொள்ள மூன்று வருடக் கெடு. அதற்குள் சில மாகாணங்களில் ஆட்சி மாறியது, மனசும் மாறியது. கடைசியில் மனிடோபாவில் எலைஜா ஹார்ப்பர் என்ற பூர்வகுடி உறுப்பினர் கழுகு இறகைக் கையில் பிடித்தபடி "முடியாது" என்றார். எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பது அவர் கட்சி. நியாயம்தானே!

1992-ல் இன்னொரு ஒப்பந்தம், இம்முறை பொது வாக்கெடுப்பு. கொடுத்தது போதாது என்று கியூபெக்கும், கொடுத்தது அதிகம் என்று மேற்கு மாகாணங்களும் சேர்ந்தே கவிழ்த்தன. தேசிய ஒருமைப்பாடு!

மறுவருடத் தேர்தலில் கியூபெக்கின் பிரிவினை கேட்கும் புளோக் கெபெக்வா கட்சி 54 இடம் ஜெயித்து, ஒட்டாவாவில் 'மாட்சிமை பொருந்திய மகாராணியாரின் விசுவாசமான எதிர்க்கட்சி' ஆனது. சம்பளம் கனடா கஜானாவிலிருந்துதான்.

1995-ல் கியூபெக்கில் நடந்த வாக்கெடுப்பில் பிரிவினை தோற்றது 54,288 ஓட்டில். செல்லாத ஓட்டோ 86,000-க்கு மேல். ஓட்டுப் போட்ட பெருக்கல் குறி கோணலாக இருந்ததற்கெல்லாம் சீட்டைத் தள்ளினார்கள் என்ற புகார், கோர்ட் வரைக்கும் போனது.