ரெண்டு பக்கமும் போகுமா?

துப்பாக்கியின் பலத்தைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் கடலூருக்குப் புதிதல்ல. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை. பேச்சு இப்படி முடிந்த பிறகு கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? நன்றாக எறியும் பீரங்கியாகவும், அதைவிட நல்ல பீரங்கிக்காரனாகவும் பார்த்துச் சுடவேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு போனது. திசைக்கொன்றாகச் சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. மருந்து கெட்டிப்பதும் குழலைத் தூக்கிப் பிடிப்பதும் வாங்குகிறவன் கையில்; விற்கிறவன் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த எல்லைக்குள் இருக்கும் மஞ்சக்குப்பத்துக்கு எழுபதுகளின் கடைசியில் என் சித்தப்பா ஒரு பழைய ஏர்கன் வாங்கி வந்தார். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. கட்டையில் யாரோ தன் பெயரின் முதலெழுத்தைச் செதுக்கி, அடுத்து வாங்கியவர் அதைச் சுரண்டி, அதற்கடுத்தவர் வார்னிஷ் அடித்திருந்தார். தரகர் எங்கள் கொல்லையிலேயே சுட்டுக் காட்டினார். சுடுவதற்கு முன்னால் இடுப்பிலிருந்து தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் குழலுக்குப் பின்னாலிருந்த ஓட்டையில் நாலு சொட்டு விட்டார். “வாஷர் காஞ்சு கெடக்கு சார், வேற ஒண்ணுமில்ல.” டுமீல் என்று ஒரு சத்தம். குழல் வாயில் புகை. பால்பவுடர் டப்பாவின் இந்தப் பக்கம் நுழைந்த ரவை அந்தப் பக்கம் வெளியே வந்து மதில் சுவரில் பட்டது.

“ரெண்டு பக்கமும் போயிடுச்சு பாத்தீங்களா!”

ரெண்டு பக்கமும் போவதுதான் அன்றைக்கு அளவு. மீட்டர், ஜூல் எல்லாம் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம். ஒரு பக்கம் மட்டும் போனால் அது பிள்ளைகள் விளையாடுவது. ரெண்டு பக்கமும் போனால் ஆம்பிளைத் துப்பாக்கி. தரகர் கிளம்பிப் போனதும் சித்தப்பா சுட்டபோது ரவை ஒரு பக்கம்தான் போனது. டப்பாவுக்குள்ளே கிலுகிலுவென்று உருண்டது. தரகர் கைராசிக்காரர் என்று முடிவு செய்துகொண்டோம்.

அது கைராசி இல்லை, எண்ணெய். ஸ்பிரிங் விடுபட்டதும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்குகிறது. நெருக்கிய காற்று சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. டீசல் இஞ்சின் ஓடுவதும் இதே விதத்தில்தான். காற்றுத் துப்பாக்கி அந்த ஒரு சுடலுக்கு நெருப்புத் துப்பாக்கியாகிவிடும். எண்ணெய் தீர்ந்ததும் பழைய நிலைமை. தோல் வாஷருக்கு எண்ணெய் வேண்டும் என்று தரகர் சொன்னது பொய்யில்லை. காய்ந்த தோல் காற்றைப் பிடிக்காது. உண்மையைச் சொல்லியே ஏமாற்றுவது தனிக் கலை.

சித்தப்பா மனம் தளரவில்லை. அடுத்த சோதனைக்குப் பழைய தீபாவளி மலர் பலியானது. சுட்டுவிட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டே போவார். ரவை எந்தப் பக்கத்தில் நின்றதோ அதுதான் அன்றைய பலம். “நேத்து சிறுகதையத் தாண்டல. இன்னிக்கு ஜோதிடம் வரைக்கும் வந்துடுச்சு.” பிறகு துணி துவைக்கும் பார் சோப். சுட்ட ஓட்டைக்குள் ஈர்க்குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் கிள்ளி, என் ஸ்கேலில் வைத்து அளப்பார். சோப்புக்குள்ளிருந்த ஈயம் சித்தியின் கையில் நெருடியது ஒரு நாள். அன்றோடு அந்த ஆராய்ச்சி நின்றது.

காக்கையும் சோதனைப் பட்டியலில் இருந்தது. அன்றைய வனவிலங்குச் சட்டம் காக்கையை எலியோடு சேர்த்துத் தொல்லைப் பிராணிப் பட்டியலில்தான் வைத்திருந்தது. 2022-இல் வந்த திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே ஒழிந்தது. ஆனால் சட்டம் காப்பாற்றாத காலத்திலும் காக்கை தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது. சித்தப்பா வெறுங்கையோடு வந்தால் முருங்கை மரத்தில் உட்கார்ந்திருக்கும், துப்பாக்கியோடு வந்தால் இருக்காது. எங்கள் ஊர்க் காக்கைகளுக்கு அதன் பலத்தில் சித்தப்பாவைவிட நம்பிக்கை இருந்தது.

இத்தனை கூத்துக்கும் விடை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் செத்துப்போன ஒரு மனிதரிடம் இருந்தது. பெஞ்சமின் ராபின்ஸ் என்று பெயர். குண்டின் வேகத்தை அளக்க ஊசலைப் பயன்படுத்தும் முறையை 1742-இல் புத்தகமாக எழுதியவர். ஒரு கட்டையைத் தொங்கவிட்டு அதன்மேல் சுடுவது. கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தால் குண்டின் வேகம் கணக்கில் வந்துவிடும். துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகப் போகிறது என்பதை இப்படித்தான் காட்டினார். பிற்பாடு கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைப் பலப்படுத்த வந்து, காய்ச்சல் கண்டு, 1751 ஜூலையில் இதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இறந்தார். அவர் வழியில் சித்தப்பா அரைக் கிலோ களிமண் உருண்டையை ஒரு மீட்டர் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் போதும். அரை கிராம் ரவை நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் வந்து பதிந்தால் உருண்டை 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். களிமண்ணுக்குக் கெடிலத்தங்கரை, கயிற்றுக்குக் கிணற்றடி. தீபாவளி மலர் பிழைத்திருக்கும். ராபின்ஸ் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கோட்டைக்கு நாங்கள் போனதெல்லாம் மாசி மகத்துக்குக் கடலில் குளிக்கப் போகும் வழியில்தான்.

இப்போது சித்தப்பாவின் பேரன் ஒரு பழைய ஏர்கன் வாங்கியிருக்கிறான். கொல்லையில் பால்பவுடர் டப்பா இல்லை. இரண்டு சிறு வளைவுகள் வைத்த ஒரு பெட்டி, பெயர் குரோனோகிராஃப். முதல் வளைவை ரவை கடக்கும் நேரம், இரண்டாவதைக் கடக்கும் நேரம். இடைப்பட்ட தூரத்தை இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் வேகம். ஊசல் ஆட வேண்டியதில்லை. ஒரு விசேஷம், ரவையின் நிழலைப் பார்த்துத்தான் பெட்டி கணக்குப் போடுகிறது. ட்யூப்லைட் அடியில் வைத்தால் விளக்கின் துடிப்பையே ரவை என்று நினைத்துக்கொள்ளும். கூடத்தில் வைத்துப் பார்த்தபோது அவன் துப்பாக்கி ஒலியை மூன்று மடங்கு முந்தியது. வெயிலில் வைத்த பிறகுதான் பூமிக்கு வந்தது.

காலம் மாறியதற்கு அடையாளம் பெட்டி அல்ல, பேச்சு.

“எவ்வளவு பலம்டா?”

“அதிகமா இருந்திடக் கூடாது பெரியப்பா. அதான் பயமா இருக்கு.”

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும், ரவை வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. தாத்தா பலம் போதவில்லை என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். பேரன் பலம் கூடிவிடக் கூடாதே என்று சாமி கும்பிடுகிறான். விற்றவர் “18 ஜூல், கேரண்டி” என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டியில் முதல் சுடலுக்கு நொடிக்கு 262 மீட்டர் காட்டியது. அரை கிராம் ரவைக்கு அது 17 ஜூல். குழல் வாயில் லேசாகப் புகை. எனக்கு அந்த வாசனை பழக்கமானது. தொடர்ந்து சுடச் சுட எண் இறங்கிக்கொண்டே வந்து 168-இல் நின்றது. 7 ஜூல். ஆற்றல் வேகத்தின் இருமடியோடு ஏறி இறங்குவது அல்லவா, வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

“தாத்தா துப்பாக்கிதான் இதவிட ஸ்ட்ராங்கா?” என்று கேட்டான். பார் சோப்பில் ஈர்க்குச்சி நுழைந்த ஆழத்தை ஜூலாக மாற்றும் சூத்திரம் என்னிடம் இல்லை.

அவனுடைய அப்பாவுக்குத்தான் ஏமாற்றம், ஸ்பிரிங்கை மாற்றலாமா என்று கேட்டார். எதற்கு? பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கிகளும் ஏறக்குறைய இதே பலம்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது இந்த அளவு காற்றில்தான். அந்தப் போட்டியின் இலக்கு அட்டையில் பத்துக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். அதைத் தொடுவதற்கு டப்பாவின் மறுபக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. நேராகப் போனால் போதும். எங்கள் சித்தப்பா ரவை எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று அளந்த நாட்களில், எங்கே பட்டது என்று யாரும் பார்த்ததாக நினைவில்லை. டப்பாவில் பட்டதே பெரிய விஷயம்.

பழைய ஏர்கன் வாங்கப் போகிறவர்களுக்கு: ரவையை நீங்களே கொண்டு போங்கள், விற்பவர் தரும் இலேசான ரவையில் எண் ஏறும். ரவை போடாமல் சுட்டுப் பார்க்காதீர்கள், பிஸ்டன் முட்டி வாஷர் கெடும். மடக்கும் இடத்தின் மேல் மெல்லிய காகிதத் துண்டு வைத்துச் சுடச் சொல்லுங்கள்; காகிதம் படபடத்தால் காற்று கசிகிறது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் நல்ல சுவர் இருக்கட்டும். முதலில் வரும் பெரிய எண்களை விட்டுவிட்டு, எண் ஒரே இடத்தில் நின்ற பிறகு விலை பேசுங்கள். அதுவரை விற்பவரின் எண்ணெய்ப் புட்டி அவர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.