மேடைக்குப் பின்னால் ஓர் எம்.ஏ.

போன இதழில், நான் அமெரிக்காவில் ஆர்ட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படித்தவள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் தபால் பெட்டியை அடைத்துவிட்டன. ஆகவே ரசம், ராசி, ரஜினி பற்றிய கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கேள்வி: என் பெண் பி.டெக். முடித்துவிட்டு இந்த ஆர்ட்ஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படிக்கப் போகிறேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்னவென்று சொல்வது? (ஒரு தகப்பனார், திருச்சி)

பதில்: 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள், 'ஆர்ட்ஸ்' வரும்போது இருமிவிடுங்கள். எம்.பி.ஏ. என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பாதி உண்மையும்கூட. பாடுகிறவர் பாடிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு மைக், விளக்கு, விளம்பரம், சன்மானம், இத்தனைக்கும் பணம், அந்தப் பணத்துக்குக் கணக்கு எல்லாம் உங்கள் பெண் பொறுப்பு. கச்சேரி பிரமாதம் என்றால் கைதட்டல் பாடகருக்கு. ஏசி ஓடவில்லை என்றால் வசவு இவளுக்கு.

கேள்வி: வகுப்பில் என்ன சொல்லித் தருவார்கள்? ஓவியமா, இசையா? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: கை நீட்ட. கொஞ்சம் கௌரவமாக.

அங்கே ஒவ்வொரு கலை நிறுவனத்திலும் 'டெவலப்மென்ட்' என்று ஒரு துறை இருக்கும். முதல் வாரம் அந்தப் பலகையைப் பார்த்து, உள்ளே யாரோ சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள் என்று நினைத்தேன். நன்கொடை திரட்டும் துறைக்குத்தான் அந்தப் பெயர். டிக்கெட் காசை மட்டும் நம்பி அமெரிக்காவில் எந்த சிம்பொனியும் பிழைப்பதில்லை. அரசாங்கமும் அதிகம் தராது. கலைகளுக்கு நிதி தர 1965-ல் ஒரு தேசிய அமைப்பை ஆரம்பித்தார்கள்தான். ஆனால் நிஜமான படியளப்பவர் தனிமனிதர். வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவான நிறுவனத்துக்குக் கொடுத்தால் வரிச் சலுகை உண்டு. பணக்காரரைச் சந்தித்து, தொகையை வெட்கப்படாமல் சொல்லி, சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது பால பாடம். அந்த மௌனத்தில் யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றார். ஒரு செமஸ்டர் முழுக்க ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தபடி பழகினோம்.

உபயம் விஷயத்தில் நம் கோயில் டியூப்லைட்டெல்லாம் அவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும். நியூயார்க் லிங்கன் சென்டரில் பில்ஹார்மோனிக் வாசிக்கும் அரங்கு 1962-ல் திறந்தபோது அதன் பெயர் பில்ஹார்மோனிக் ஹால். ஆடியோ கருவிகள் தயாரித்த ஏவரி ஃபிஷர் 1973-ல் 1 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்தார். ஏவரி ஃபிஷர் ஹால் ஆயிற்று. பிற்பாடு அரங்கைப் புதுப்பிக்கப் பணம் வேண்டியிருந்தது. புதிதாகக் கொடுப்பவர் தன் பெயரைக் கேட்பாரே! ஃபிஷர் குடும்பத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்துப் பழைய பெயரை விட்டுத்தர வைத்தார்கள். வாங்கியதைவிட அதிகம் கொடுத்து உபயதாரர் பெயரைக் கழற்றியிருக்கிறார்கள்! (பணவீக்கத்தைச் சேர்த்தால் கணக்கு வேறு. அதுவும் பாடத்தில் உண்டு.) 2015-ல் டேவிட் கெஃபன் 10 கோடி டாலர் கொடுத்தார். இப்போது அது டேவிட் கெஃபன் ஹால்.

ஒரு தொழில் ரகசியமும் சொல்லிவிடுகிறேன். இந்த நிறுவனங்கள் வருடாவருடம் வருமான வரித்துறைக்குத் தரும் படிவம் 990-ஐ யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தலைவர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்பதுகூட அதில் இருக்கும். இன்டர்வியூவில் "எங்களிடம் நிதியில்லை" என்று அவர் உருகும்போது முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: முப்பத்தைந்து வருடமாக சபா நடத்துகிறேன். டிகிரி எதுவும் இல்லை. ஒவ்வொரு சீசனும் நஷ்டம். படித்திருந்தால் லாபம் வந்திருக்குமா? (சபா செயலாளர், சென்னை)

பதில்: வந்திருக்காது. நஷ்டம் ஏன் என்று மட்டும் தெரிந்திருக்கும்.

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் உங்கள் சபாவின் கணக்கு நோட்டைப் பார்க்காமலே 1966-ல் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தொழிற்சாலையில் நேற்றுப் பத்துப் பேர் செய்ததை இன்று இரண்டு பேரும் ஒரு இயந்திரமும் செய்வார்கள். நான்கு பேர் வாசிக்கும் குவார்டெட்டுக்கோ அன்றும் நான்கு பேர், இன்றும் நான்கு பேர், நேரமும் அதேதான். ஆனால் அந்த நால்வரும் அரிசி வாங்குவது இன்றைய விலையில். அதனால் செலவு ஏறும். டிக்கெட் அதே வேகத்தில் ஏறாது. பாமோலின் செலவு நோய் என்று இதற்குப் பெயர். மருந்து இல்லை, பராமரிப்பு மட்டும்தான். ஆக நஷ்டம் உங்கள் தப்பில்லை சார். கேன்டீனும் நஷ்டத்தில் ஓடினால், அது உங்கள் தப்பு.

கேள்வி: நான் பி.காம். எனக்கும் கலைக்கும் சம்பந்தம் உண்டா? (இளைஞர், விருதுநகர்)

பதில்: பிரிட்டனில் கலைகளுக்கு அரசுப் பணம் தரும் ஆர்ட்ஸ் கவுன்சில் 1946-ல் உருவாகக் காரணமானவர் கெய்ன்ஸ். உங்கள் எகனாமிக்ஸ் புத்தகத்தில் பயமுறுத்துவாரே, அவரேதான். மனைவி லிடியா லோபோகோவா, ரஷ்ய பாலே கலைஞர். இரண்டாவது தகுதி கட்டாயமில்லை.

கேள்வி: ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் விசா இன்டர்வியூ. இந்தப் படிப்பைச் சொன்னால் சிரிப்பார்களா? (பரதம் ஆடும் பெண், தஞ்சாவூர்)

பதில்: சிரித்தால் நல்லது. செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர் கட்டியிருக்கிறாய். அந்தச் சிரிப்பு உனக்குச் சேர வேண்டியதுதான். என் இன்டர்வியூ அன்று, காலையிலிருந்து கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றே கேட்டுக் களைத்த அதிகாரி என்னிடம், "யாரை நிர்வாகம் செய்வாய்?" என்றார். "கலைஞர்களை" என்றேன். "முடியுமா?" என்றார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் உண்மையில் பார்ப்பது இரண்டு. முதல் வருடச் செலவுக்குப் பணம் எங்கே, ஊர் திரும்புவாயா. வெளிநாட்டுக்காரர் திரும்பமாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் அவர்கள் சட்டமே ஆரம்பிக்கிறது. அருங்காட்சியகமோ நடனப் பள்ளியோ, ஊரில் என்ன செய்யப்போகிறாய் என்று சொல்ல ஒரு வாக்கியமாவது கையில் இருக்கட்டும்.

கேள்வி: படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்குமா? (பலர், ஒருவர் கடன் பத்திரத்தின் நகலையும் இணைத்திருக்கிறார்)

பதில்: சிரிப்பு இங்கே கொஞ்சம் குறையும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பாடம் நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். பல்கலைக்கழக அரங்கின் டிக்கெட் கவுன்டர் நல்ல இடம். படித்த பின் ஓ.பி.டி. என்ற 12 மாத அனுமதி. அதில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம் நீட்டிப்பார்கள். கலை நிர்வாகத்துக்கான பாடக் குறியீடு 50.10 என்று தொடங்கும். அது அந்த அறிவியல், பொறியியல் பட்டியலில் இல்லை. ஒரே அறையில் தங்கி ஒரே சாம்பாரைச் சாப்பிட்ட என் தோழி டேட்டா சயன்ஸ். அவளுக்கு மூன்று வருடம், எனக்கு ஒன்று. ஆகவே விண்ணப்பிக்கும் முன்னாலேயே, ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தில் எந்தக் குறியீடு போடுவீர்கள் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். வருடத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு இன்னுமொரு 20,000. 'லாப நோக்கற்ற நிறுவனத்துக்குக் குலுக்கல் கிடையாதாமே' என்று யாராவது சொல்வார்கள். அரைகுறைச் செய்தி. பல்கலைக்கழகம், அதோடு இணைந்த நிறுவனம், ஆராய்ச்சி நிறுவனம் இவற்றுக்குத்தான் விலக்கு. ஊரில் தனியாக இருக்கும் நாடகக் கம்பெனிக்கு இல்லை. அதனால்தான் கெட்டிக்காரர்கள் பிராட்வேயைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிரானர்ட் சென்டர், பெர்க்லியின் கால் பெர்ஃபார்மன்சஸ் போன்ற வளாக அரங்குகளுக்கு எழுதிப் போடுகிறார்கள். 2025 செப்டம்பரில் எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஓர் அறிவிப்பு வந்து எல்லார் வயிற்றையும் கலக்கியது. அது யாருக்கு, யாருக்கு இல்லை என்பதைச் சித்தப்பா பையனிடம் கேட்காமல் வக்கீலிடம் கேளுங்கள்.

இன்னொன்று. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பைக் கலை உலகம் இரண்டு கையாலும் வழங்கும். காசுதான் இல்லையே, அனுமதி எதற்கு என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஐ-20 தரும் அலுவலரைக் கேட்டுவிட்டுப் போங்கள். இலவசமாக உழைத்து விசாவையும் இழப்பது மகா மட்டமான வியாபாரம்.

கேள்வி: இலவசமாகப் படிக்க வழி உண்டா? (சிக்கனக்காரர், காரைக்குடி)

பதில்: ஊர்ப் பெயரைப் போட்டிருக்க வேண்டாம், கேள்வியே சொல்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் நாடக நிர்வாகத்துக்கும் ஒரு முதுகலை உண்டு, மூன்று வருடம். 2021-ல் ஒருவர் 15 கோடி டாலர் கொடுத்ததால் பள்ளி முழுவதற்கும் கல்விக் கட்டணம் கிடையாது. கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? அதே டேவிட் கெஃபன்தான். பள்ளிக்கும் இப்போது அவர் பெயர். சாப்பாடும் வாடகையும் உங்கள் பாடு. இடம் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு.

கேள்வி: இவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்கிறீர்களே, உங்களுக்கு என்ன கைமாறு செய்வது? (நெடுநாள் வாசகி, மதுரை)

பதில்: ஆயுள் சந்தா ஐயாயிரம் ரூபாய்.