துப்பித் தீராத பற்கள்

கேள்வி: தீம் பார்க்குக்குப் போவது ராட்டினம் ஏறத்தானே? அங்கே நாடக மேடை எதற்கு?

பதில்: சுற்றிய தலை நிற்க ஓர் இடம் வேண்டாமா! கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1955-லேயே ‘கோல்டன் ஹார்ஸ்ஷூ’ அரங்கு வந்துவிட்டது. பார்க் திறக்க நான்கு நாள் இருக்கும்போதே, வால்ட் டிஸ்னி தன் 30-வது திருமண நாளை அங்கே கொண்டாடி, விருந்தினருக்கு ஆட்டம்பாட்டமும் காட்டிவிட்டார். கௌபாய் காலத்து மதுக்கடை செட்; ஊற்றியது என்னவோ பெப்சிதான்!

வாலி போக் என்ற நகைச்சுவைக் கலைஞர் அந்த மேடைக்கு இரண்டு வார ஒப்பந்தத்தில் வந்தார். 1982-ல்தான் ஓய்வு பெற்றார். வாயில் அடி விழுந்ததும் ‘பற்களை’ ஒவ்வொன்றாகத் துப்புவார். எல்லாம் வாயில் அடக்கிய பீன்ஸ் விதைகள். முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொன்று விழும். நம் ஊர் பஃபூன்களே கைகுலுக்கியிருப்பார்கள். அதே பார்க்கின் மேஜிக் கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன் இவரை ஓயாமல் பார்த்துத் தொழில் பழகினான். அவன்தான் பிற்காலத்து ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மார்ட்டின்.

31 வருஷம் ஓடி, கின்னஸிலும் ஏறிய அந்த அரங்கின் நிகழ்ச்சி 1986-ல் நின்றது.