வாவி மீன்களுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமா?

பஸ்களில் எந்தப் பாட்டு ஒலிக்கலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும், ஏற்கவிருக்கும், ஏற்க ஆசைப்படும் சகல அதிகாரிகளுக்கும்,
போக்குவரத்து அமைச்சு,
கொழும்பு.

விடயம்: வயசுப் பிள்ளைகளின் பாட்டுகள் தொடர்பாக, சும்மா கேட்கும் ஒருவரின் அபிப்பிராயம்

கனம் ஐயாமாரே, அம்மாமாரே,

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பயணிகளுக்குத் தொல்லைதரும் பாட்டுகளைப் பஸ்ஸில் போடுவதை நிறுத்தப்போவதாகத் தங்கள் அமைச்சு அறிவித்தது. பொருத்தமான பாட்டுகளைத் தெரிந்தெடுத்துப் பஸ்காரருக்குக் கொடுக்கும் யோசனையும் அப்போது பேசப்பட்டது. அதற்குப் பிறகு நாட்டில் கொரோனா வந்தது, டீசல் இல்லாமல் பஸ்ஸே நின்றது, ஜனாதிபதி ஒருவர் நாட்டைவிட்டுப் போனார், அரசாங்கங்கள் மாறின. அத்தனைக்கும் நடுவில், மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஓடும் பஸ்களின் பாட்டுகள் எந்தச் சுற்றுநிருபத்துக்கும் காத்திராமல் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. இந்தக் கடிதம் சொல்ல வருவது அந்த ஒன்றைத்தான். பாட்டுகளைக் கழித்துக்கட்டும் வேலையைத் தங்களைவிடத் திறமாகச் செய்யும் அமைப்பு ஒன்று ஏற்கெனவே இயங்குகிறது. அதற்குக் கட்டடம் இல்லை, வாகனம் இல்லை, மேலதிக நேரக் கொடுப்பனவும் இல்லை. சும்மா கேட்பவர்களின் மறதி என்று அதற்குப் பெயர்.

சும்மா கேட்பவர் யார் என்பதைக் கோப்பில் குறித்துக்கொள்வது நல்லது. அவர் காசு கொடுத்துப் பாட்டு வாங்குவதில்லை. எவருக்கும் ரசிகர் மன்றம் வைப்பதில்லை. சங்கீதம் படித்தவரும் இல்லை. பஸ்ஸிலும் முச்சக்கரவண்டியிலும் ரியூசன் வாசலிலும் பக்கத்து வீட்டுக் கலியாணத்திலும் காதில் விழுவதைக் கேட்கிறவர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாட்டு உயிர், பிள்ளையின் தகப்பனுக்கு அது தலையிடி. இரண்டு பேரும் வழக்காளிகள். பக்கம் சாராத சாட்சி இவர் ஒருவர்தான். அவருடைய வாக்குமூலம் இது: இந்தக்காலப் பாட்டில் பாதி கேட்கும்படி இருக்கிறது, பாதி வெறும் சத்தம். 2012இல் ஹிப்ஹொப் தமிழா 'ஹிப்ஹொப் தமிழன்' என்ற அல்பத்தை வெளியிட்டபோது பாட்டுகள் ஒரு கட்டாக வந்தன; ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். 2024இல் சாய் அபயங்கர் 'கட்சி சேர', பிறகு 'ஆச கூட' என்று ஒவ்வொன்றாக இறக்கியபோது அல்பம் என்ற கூடையே தேவைப்படவில்லை. இப்படி வரும் பாட்டுகளில் மனதில் ஒட்டவேண்டிய வரி எடுத்த எடுப்பிலேயே வந்துவிடுகிறது. ரீல்ஸுக்கு வெட்டியெடுக்கத் தோதாகத் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு தரிப்பிடம் கடப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. தாளம் சுத்தம். குரல் காதோடு கதைப்பதுபோல் இருக்கிறது. சொற்கள் மட்டும் நாம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நம்மோடு இறங்குவதில்லை. இதைப் பெரிய கலை என்று வாதாட இந்தச் சாட்சி வரவில்லை. இதைக் கூண்டில் ஏற்றுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் பிழை என்கிறார்.

குற்றப்பத்திரிகை எல்லோருக்கும் மனப்பாடம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். பொருளில்லாத அசைகளால் இடத்தை நிரப்புகிறார்கள். பாடுகிறவர் தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிறார். சத்தம் ஊரைக் கூட்டுகிறது. இதே பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்துக் களரிக்கு வாருங்கள். கூத்தர் படித்த வரியைப் பக்கப்பாட்டுக்காரர் அப்படியே திருப்பிப் படிப்பார்கள்: திரும்பக் கூறல், முதலாம் குற்றம். அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்லுவார். அகராதியைப் புரட்டினாலும் அதற்குப் பொருள் கிடைக்காது: இரண்டாம் குற்றம். களரிக்கு வரும் அரசன் தன் பேர், குலம், வீரம், வென்ற போர் எல்லாவற்றையும் சபைக்கு அறிவித்துவிட்டுத்தான் கதைக்குள் நுழைவான். ராப் பாடும் பொடியன் இரண்டு வரியில் முடிப்பதை இவன் அரைமணி நேரம் ஆடிச் சொல்வான்: மூன்றாம் குற்றம். மத்தளமும் சல்லாரியும் விடியும்வரை அடங்கா: நான்காம் குற்றம். ஆனால் கூத்து மரபுரிமை, விருது கொடுக்கப்படுவது. ரீல்ஸுக்காகப் பாட்டைக் குறுக்குகிறார்கள் என்ற முறைப்பாட்டுக்கும் பதில் அங்கேயே உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக்கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடவேண்டிய கூத்து ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கியது. அந்தக் குறுக்கலைப் புத்துயிர் என்று சரித்திரம் எழுதுகிறது, சரியாகத்தான் எழுதுகிறது. குறுக்குவது குற்றமல்ல, குறுக்கியபின் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு, பஸ்காரருக்குக் கொடுக்கும் பாட்டுப் பட்டியல் பதில் சொல்லாது.

மொழியைக் கலந்து கெடுக்கிறார்கள் என்பது அடுத்த முறைப்பாடு. அதை எழுதுகிறவர் மட்டக்களப்புப் பறங்கியரின் கலியாண வீட்டு வாசலில் நின்று எழுதட்டும். போர்த்துக்கேயர் போய் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பறங்கியர் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் ஒலிக்கிறது. அவர்களின் ஆட்டமும் கபிரிஞ்ஞாத் தாளமும் சேர்ந்த வழியில்தான் பைலா பிறந்தது. பைலா இல்லாமல் இந்த நாட்டில் ஒரு பஸ் சுற்றுலா நடந்ததாகத் தங்கள் அமைச்சின் கோப்பில்கூட இராது. எழுபதுகளின் தமிழ்ப் பொப் அந்த மடியில் வளர்ந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யைத் துள்ளிசை என்றார்கள். கேட்டுத் துள்ளியவர்கள் அன்றைய வயசுப் பிள்ளைகள், முகம் சுளித்தவர்கள் அன்றைய பெரியவர்கள். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' மீன் கொண்டுவந்த கதையைச் சிங்களத்தில் சொல்லும் பாட்டு. அதை ஒரு தமிழர் பாடி, கடல் தாண்டிய தமிழ்நாடும் பாடியது. 2021இல் யொஹானியின் 'மெனிகே மகே ஹிதே' பொருள் தெரியாத இந்தியா முழுவதும் ஒலித்தது. இன நல்லிணக்கத்துக்கு எத்தனை செயலமர்வுகள் நடந்தன என்ற கணக்கு அரசிடம் இருக்கும். பக்கத்து ஊர் மொழியில் ஒரு வரியாவது எல்லோர் வாயிலும் வந்தது எதனால் என்ற கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

இதெல்லாம் வெறும் வியாபாரம், பிள்ளைகளின் காசைப் பறிக்கும் வேலை என்றும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் பாட்டும் வியாபாரமும் இன்றைக்கா சம்பந்தம் கலந்தன? இலங்கை வானொலியின் புகழ்பெற்ற சேவைக்குப் பெயரே வர்த்தக சேவை. இந்தியாவில் 1952இல் தகவல் அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரங்கெட்டது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமல் செய்தார். நல்ல எண்ணம், சாஸ்திரிய சங்கீதத்தை வளர்க்கும் எண்ணம். பலன்? இந்தியர்கள் ரேடியோவின் காதைக் கொழும்புப் பக்கம் திருகினார்கள். அதே ஆண்டின் இறுதியில் இங்கிருந்து தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' ஒரு பற்பசை விளம்பரத்தின் தயவில் ஓடிய நிகழ்ச்சி. இந்தித் திரைப்பாட்டின் தரவரிசையையே அதுதான் எழுதியது. 1957இல் டெல்லி இறங்கிவந்து, விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டையும் போட்டது. பட்டியல் போட்ட அதிகாரத்துக்கு மிஞ்சியது ஐந்தாண்டு வெட்கம், வருமானம் கொழும்புக்கு. அந்தத் தடையால் பிழைத்த தலைநகரில் இருந்துகொண்டு அதே தடையைத் தாங்கள் போட நினைப்பது, சரித்திரத்துக்குச் செய்யும் நன்றிக்கேடு. அன்றைக்கு அலைவரிசை மாற்ற ரேடியோவின் குமிழைத் திருகவேண்டியிருந்தது. இன்றைக்குப் பிள்ளையின் காதில் ஏற்கெனவே இயர்போன் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பதில் சொல்லமுடியாத ஒரு முறைப்பாடு உண்டு, அதை ஒளிக்கக்கூடாது. காதலை மறுத்த பெண்ணைப் பழித்து, தோற்ற பொடியனைத் தியாகியாக்கும் பாட்டுகள் ஏராளம். 2011இல் 'கொலவெறி' உலகம் சுற்றியபின் 'சூப் சோங்' என்று அதற்கு ஒரு தனி வகையே உண்டானது. வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, வழக்குரை படிக்கும் மண் இது. அரசனின் சபையில் நின்று நியாயம் கேட்ட பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கும் ஊரில், 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணைக் குற்றவாளியாக்கும் பாட்டு பஸ்ஸில் போகிறது. அதே பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள். இது பிழை. ஆனால் பட்டியல் இதைப் பிடிக்குமா? பட்டியல் போடுகிறவர் தேடுவது தூசணச் சொல்லை. இந்தப் பாட்டில் தூசணம் இராது, கண்ணீர்தான் இருக்கும். முத்தம் என்ற சொல் வந்த பாட்டு வெட்டுப்படும், அவள் ஏமாற்றிவிட்டாள் என்ற பாட்டு முத்திரையோடு வெளியேவரும். அதற்குப் பக்கத்தில், பெண் எப்படி நடக்கவேண்டும், எப்படிச் சிரிக்கவேண்டும் என்று கறுப்பு வெள்ளைக் கதாநாயகன் புத்திமதி சொல்லும் பழைய சினிமாப் பாட்டும் 'தரமானது' என்ற பிரிவில் உட்கார்ந்திருக்கும். இந்தக் குற்றத்தைப் பேசித்தான் தீர்க்கவேண்டும்: வீட்டில், வகுப்பில், பத்திரிகையில், அந்தப் பிள்ளைகளோடே. பேசுவதற்குப் பதிலாகப் பட்டியல் போடுவது, நோய்க்கு மருந்து கொடுக்காமல் நோயாளியின் பெயரைப் பதிவதுபோல.

இன்னொரு மறுப்பு வலுவானது. மறதியை நம்பினால் மறதி நல்லதையும் தின்றுவிடாதா? தின்றுவிடும், யாழைத் தின்றது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் நூல்களைக் கிளறி, அந்த வாத்தியத்தின் கணக்கைத் திரும்ப எழுப்பப் பல ஆண்டுகள் உழைத்தார். 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது, அதே ஆண்டில் அவர் மறைந்தார். ஆனால் கவனியுங்கள்: யாழ் செத்தது யாரோ மட்டமான பாட்டைப் பாடியதால் அல்ல, அதை வாசித்தவர்களின் கையும் காதும் பதிவாகாமல் போனதால். கிரியோல் பாட்டுக்கும் வயல்வெளிப் பாட்டுக்கும் இன்றைக்கு அதே ஆபத்து இருக்கிறது. மறதியோடு போட்டிபோட அரசுக்கு விருப்பமிருந்தால் செய்யவேண்டிய வேலை பதிவுசெய்வதுதான். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த யேசுசபைக் குரு லாங் அடிகளார், பாடுவதாகச் சொல்லப்படும் வாவி மீன்களின் ஒலியைப் பதிவுசெய்தார். இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. எது தரமான மீன் என்று அவர் தெரிவுக்குழு வைக்கவில்லை. ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கினார். தங்கள் கையில் இருக்கவேண்டியது ஒலிவாங்கி. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள்?

சத்தம் என்ற முறைப்பாடு மட்டும் மிஞ்சுகிறது. அதில் நியாயம் முழுக்கப் பயணியின் பக்கம். நோயாளியும் கைக்குழந்தையும் ஏறும் பஸ்ஸில் காது வெடிக்கப் பாட்டுப் போட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அது அளவின் பிரச்சினை, ரசனையின் பிரச்சினை அல்ல. தியாகராஜ கீர்த்தனையையும் அந்த அளவில் போட்டால் அது தொல்லைதான். ஒலியின் அளவுக்கு ஒரு கோடு கீறுங்கள்; எயார் ஹோனைக் கழற்றுங்கள்; மீறினால் தண்டம் அறவிடுங்கள். அதற்கு இசைஞானம் வேண்டியதில்லை, கையளவு கருவி ஒன்று போதும்.

அந்தக் கருவியை வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட், இந்த வாவியில் கேட்டதை நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய நாதத்துக்கு ஒப்பிட்டார். பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது இங்கே பழைய வழக்கம். மீனா, ஊரியா பாடுகிறது என்று இன்றுவரை முடிவில்லை. தங்கள் அளவுகோலின்படி அந்தப் பாட்டுக்குச் சொல் இல்லை, பொருள் இல்லை, பாடியவர் பெயர் இல்லை. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. பஸ்ஸில் போட நிச்சயம் அனுமதி கிடைக்காது. ஆனாலும் ஊருக்கே மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பாட்டை இப்போது கேட்பது அரிதாகிவிட்டது என்கிறார்கள். அதை அமுக்கியது 'ஆச கூட' அல்ல. பாலத்தின்மேல் இரவும் பகலும் ஹோன் அடித்துக்கொண்டு ஓடுகிற, வழித்தட அனுமதிப்பத்திரம் ஒழுங்காக வைத்திருக்கிற பஸ்கள்தான்.

இப்படிக்கு,
சும்மா கேட்கும் ஒருவர்,
மட்டக்களப்பு.

பிரதி: கல்லடிப் பாலத்தின் கீழ் வசிக்கும் பாடகர்கள் – தகவலுக்காக மாத்திரம். அவர்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.